கிர்லெஜாவை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது? புதியவர்களுக்கு ஒரு வழித்தடம்

'கொடிகள்' நாவலில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். குரோஷிய எழுத்தாளர் மிரோஸ்லாவ் கிர்லெஜாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஐந்து பாகம் கொண்ட அந்த நாவலைத்தான் முதலில் காட்டுவார்கள். 1962-ல் தொடங்கி 1976 வரை வெளிவந்தது, மகத்தானது, எல்லாம் சரி. ஆனால் சோறு வடிக்கப் பழகாதவர் கல்யாணப் பந்திக்கு உலை வைத்த கதையாகத்தான் அது முடியும். நான் செய்த தவறு வேறு. 'பிளிட்வாவில் விருந்து' நாவலை எடுத்து, இரண்டு முறை அறுபது பக்கம் தாண்டாமல் மூடி வைத்தேன். மூன்றாம் முறை வேறு வாசல் வழியாக நுழைந்தபோதுதான் ஆள் பிடிபட்டார். அந்த வாசலையும், அதற்குப் பிறகான வரிசையையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1893 ஜூலை 7-ல் சாக்ரெப் நகரில் பிறந்தவர், 1981 டிசம்பர் 29-ல் அதே நகரில் இறந்தவர். கவிதை, நாவல், நாடகம், சிறுகதை, கட்டுரை, நாட்குறிப்பு என்று கைவைக்காத வடிவம் இல்லை. அது போதாதென்று ஐம்பத்தேழு வயதில் கலைக்களஞ்சியம் போடவும் உட்கார்ந்தார். அவருடைய ஆயுளில் அந்த ஊரை நான்கு அரசுகள் ஆண்டன. நான்கோடும் அவருக்குச் சண்டை உண்டு, நான்காவதோடு சமாதானமும் உண்டு.

இவரை வாசிக்க என்னிடம் ஒரே ஒரு சாவிதான் இருக்கிறது. விருந்து மேசை. பெரிய மனிதர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் பேச, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். தலையாட்ட முடியாத ஒருவன் வாயைத் திறக்கிறான். அதற்கப்புறம் அவன் வாழ்க்கை பழையபடி இருப்பதில்லை. நாவலிலும் நாடகத்திலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். அவர் வாழ்க்கையிலும் வந்தது.

பெயரையும் தேடலையும் சரிசெய்துகொள்ளுங்கள்

ஐந்து நிமிட வேலைதான், பின்னால் நிறைய அலைச்சல் மிச்சமாகும். அவருடைய பெயரில் 'இசட்' எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். ஆங்கிலத்தில் அந்த ஒலியை 'zh' என்று எழுதிக் காட்டுவதால் நாம் அதை 'ழ' என்று படித்துவிடுவோம். 'ழ' கிடையாது, ஆங்கிலத்தில் 'பிளெஷர்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற ஒலிதான் அது. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் 'ஜா' என்று எழுதுகிறேன். முதல் அசையில் உயிரெழுத்தே கிடையாது, 'ர்' ஒலியே உயிரெழுத்தின் வேலையைச் செய்கிறது. 'கிர்' என்பதில் வரும் இகரத்தை முக்கால்வாசி விழுங்கிவிட்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

நூலகப் பட்டியலிலும் பழைய புத்தகத் தளங்களிலும் தேடும்போது கொக்கி இல்லாமலும் ஒருமுறை தேடுங்கள். 'பிலிப் லத்தினோவிச்' நாவலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மூலத்தில் அந்தக் குடும்பப் பெயர் 'வி' எழுத்தோடு இருக்கும், ஆங்கிலப் பதிப்பின் அட்டையில் 'டபிள்யூ' இருக்கும். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் "கிடைக்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

அரைப் பக்கத்தில் ஒரு வரலாறு

நோட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் போனால் கிர்லெஜாவின் கிண்டல் பாதி காற்றில் போய்விடும்.

1868 ஒப்பந்தப்படி குரோஷியா ஹங்கேரி மகுடத்தின் கீழ் இருந்த நாடு. மேலே வியன்னா, நடுவில் புடாபெஸ்ட், கீழே சாக்ரெப். மேல்தட்டு வீடுகளில் ஜெர்மன் பேசினார்கள், சாக்ரெப்பை 'ஆக்ரம்' என்றார்கள். 1918-ல் பேரரசு உடைந்ததும் செர்பிய, குரோஷிய, ஸ்லொவீனியர்களுக்கான ஒரே முடியாட்சி வந்தது. 1928-ல் பெல்கிரேடு நாடாளுமன்றத்துக்குள்ளேயே குரோஷிய விவசாயிகள் கட்சித் தலைவர் ஸ்டெபான் ராடிச் சுடப்பட்டு, சில வாரங்களில் இறந்தார். 1929-ல் மன்னர் அலெக்சாண்டர் நேரடிச் சர்வாதிகாரத்தை அறிவித்தார். 1941-ல் ஹிட்லர், முசோலினி தயவில் உஸ்தாஷாக்கள் என்ற குரோஷியப் பாசிஸ்டுகளின் பொம்மை அரசு. 1945-ல் டிட்டோவின் சோஷலிச யுகோஸ்லாவியா. நேரு, நாசரோடு அணிசேரா நாடுகள் படத்தில் நாம் பார்த்த அதே டிட்டோதான்.

இவ்வளவு போதும். பால்கன் வரலாற்றை முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் திரும்பி வருவதில்லை.

முதல் புத்தகம்: 'புத்தியின் விளிம்பில்'

1938-ல் வந்த நாவல். ஆங்கிலத்தில் 'ஆன் தி எட்ஜ் ஆஃப் ரீசன்' என்று தேடுங்கள், மொழிபெயர்த்தவர் ஜோரா டெபோலோ. கையடக்கமான நாவல், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

கதை சொல்பவனுக்குப் பெயரே கிடையாது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வக்கீல், மனைவி, மக்கள், ஊரில் மரியாதை. யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் பாதி நூற்றாண்டைக் கழித்த ஆள். ஒரு மாலை, டொமாச்சின்ஸ்கி என்ற தொழிலதிபரின் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருக்கிறான். ஒயின் ஓடுகிறது. டொமாச்சின்ஸ்கி 1918 குழப்பத்தின்போது தன் ஒயின் கிடங்கில் புகுந்த நான்கு குடியானவர்களை நாயைச் சுடுவதுபோல் சுட்டு வீழ்த்திய வீரப்பிரதாபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் ரசிக்கிறார்கள். நம் ஆள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, ஆனால் காதில் விழும்படி, இது குற்றம், இது ரத்தக்கறை, இது மனநோய் என்று முணுமுணுத்துவிடுகிறான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். அவன் எழுந்து நின்று முழங்கவில்லை. கொள்கை பேசவில்லை. வாய் தவறி வந்த உண்மை. மேசை உறைந்துபோகிறது, டொமாச்சின்ஸ்கியின் கை துப்பாக்கியைத் தேடிப் போகிறது. மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: இவனுக்கு மூளை கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும் விஷயம். அவன் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவனுக்கே தெளிவாகத் தெரிவதில்லை, நாவலின் அழகே அதில்தான் இருக்கிறது. குடும்பம், தொழில், நண்பர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, வழக்கு, சிறை என்று கதை இறங்கிக்கொண்டே போகிறது.

வாசிக்கும்போது இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒன்று, தொடக்கத்தில் வரும் மனித மடத்தனம் பற்றிய நீண்ட பகுதி. உயரமான சில்க் தொப்பி போட்ட கனவான்களுக்கு உயிரியல் பெயர்போல லத்தீனில் ஒரு பெயர் வைத்திருப்பார், சிரிக்காமல் படிக்க முடியாது. இரண்டாவது, சிறையில் உடன் கிடக்கும் வாலென்ட் ஜ்கானெட்ஸ் என்ற விவசாயியின் பேச்சு. மூலத்தில் அவன் வட்டார வழக்கில் பேசுகிறான், ஆங்கிலத்தில் அந்த மணம் குறைந்துவிடுகிறது. ஆனாலும் படித்த கனவான்கள் நூறு பக்கம் பேசியதைவிட அவன் பேசுவதில் கூடுதல் புத்தி இருப்பது தெரிந்துவிடும்.

நாவலை மூடியதும் 1918-க்குப் போங்கள்

நாவல் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1918 நவம்பரில், சாக்ரெப்பில் ஒரு தேநீர் விருந்து நடந்தது. போர் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்குள் வந்திருந்த செர்பிய அதிகாரிகளைச் சிறப்பிக்கும் கூட்டம். நேற்றுவரை ஆஸ்திரியப் பேரரசருக்காகப் படை நடத்திய ஸ்லாவ்கோ குவாட்டெர்னிக் என்ற லெப்டினன்ட் கர்னல், இன்று புதிய அரசைப் போற்றி அங்கே பேசுகிறார். கூட்டத்தில் இருந்த இருபத்தைந்து வயது கிர்லெஜாவால் பொறுக்க முடியவில்லை. அந்தப் படைகளில் செத்த குரோஷியக் குடியானவர்களை அவர் பார்த்திருந்தார். குவாட்டெர்னிக் ஒழிக என்று கத்தினார். பிடித்து வெளியே தள்ளினார்கள்.

அந்த இரவைப் பற்றி அவர் பின்னாளில் 'குடிவெறி கொண்ட நவம்பர் இரவு 1918' என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன் பின்கதை இன்னும் விசித்திரம். 1941 ஏப்ரல் 10-ல் ஜெர்மானியப் படைகள் சாக்ரெப்புக்குள் நுழைந்தபோது 'சுதந்திர குரோஷிய அரசு' பிறந்துவிட்டதாக வானொலியில் அறிவித்த குரல் இதே குவாட்டெர்னிக்கின் குரல். தான் ஒழிக என்று கத்திய மனிதர் அறிவித்த அரசுக்குள்ளேயே கிர்லெஜா நான்கு ஆண்டுகள் வாழ வேண்டியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டபின் 'புத்தியின் விளிம்பில்' நாவலின் முதல் ஐம்பது பக்கத்தை மறுபடி புரட்டிப் பாருங்கள். எனக்கு அது வேறு புத்தகமாகத் தெரிந்தது.

அடுத்தது போர்க் கதைகள்

'குரோஷியப் போர்த் தெய்வம் மார்ஸ்' என்ற தொகுப்பு 1922-ல் வந்தது. ஆங்கிலத்தில் சில கதைகளை 'தி கிரிக்கெட் பினீத் த வாட்டர்ஃபால்' என்ற 1972 தொகுப்பில் காணலாம்.

இந்தக் கதைகளுக்கு அவருடைய வாழ்க்கையிலிருந்து ஒரு துணுக்கு தேவை. பதினைந்து வயதில் ஹங்கேரியின் பேச் நகரத்துக் கேடட் பள்ளியில் சேர்ந்தவர், பிறகு புடாபெஸ்ட்டின் லுடோவிகா ராணுவக் கழகத்துக்குப் போனார். பேரரசின் அதிகாரியாக வர வேண்டிய பையன். ஆனால் பால்கன் போர்க் காலத்தில் செர்பியப் படையில் சேரப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அங்கே அவரை ஆஸ்திரிய உளவாளி என்று சந்தேகித்துத் திருப்பி அனுப்பினார்கள், இங்கே துரோகி என்று பிடித்தார்கள். அதிகாரிக் கனவு போயிற்று. உலகப்போர் வந்ததும் சாதாரணச் சிப்பாயாக இழுத்துக்கொண்டு, 1916-ல் காலிசியப் (இன்றைய போலந்து, உக்ரைன் பகுதி) போர்முனைக்கு அனுப்பினார்கள். உள்ளேயிருந்தே ராணுவத்தைப் படித்தவர் அதன் கடைசிப் படியில் நின்று பார்த்தது இந்தக் கதைகளில் இருக்கிறது.

'பராக்கா ஐந்து பி' என்ற கதையை மட்டுமாவது படியுங்கள். போர்முனைக்குப் பின்னால் ஒரு மருத்துவமனைக் கொட்டகை. நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்: எலும்பு முறிந்தவர்கள், கைகால் வெட்டப்பட்டவர்கள், இன்றோ நாளையோ போய்விடப் போகிறவர்கள். மூன்றாவது வரிசையில் விடோவிச் என்ற மாணவன், நுரையீரலில் குண்டு. மருத்துவமனையை நடத்துபவர் ஒரு பிரபு. போர்முனை நகர்கிறது, திரும்புகிறது, மேல்தட்டு ஆட்கள் குடித்துக் கொண்டாடுகிறார்கள், சாகப் போகிறவர்கள் அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டபடி கிடக்கிறார்கள். மறுபடியும் மேசை. இந்தத் தடவை நாம் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் கிடக்கிறோம்.

'பிஸ்த்ரிட்சா லெஸ்னா சண்டை' கதையில் இறந்த குடியானவச் சிப்பாய்களின் பெயர்கள் அலுவலகப் பதிவேடுபோல் வரிசையாக வரும். சலிப்பு தட்டும். தட்டட்டும், தாண்டாமல் படியுங்கள்.

'பிலிப் லத்தினோவிச்சின் திரும்பல்': அவசரப்பட்டால் கெட்டது

இரண்டு புத்தகம் முடித்தவர்கள் இதை எடுக்கலாம். 1932-ல் வந்த இந்த நாவல்தான் அவருடைய மிகச் சிறந்த நாவல் என்பது என் கட்சி. சார்த்ரின் 'குமட்டல்' வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அந்தக் குமட்டலை எழுதியவர் என்று இதைக் காட்டிப் பேசுவோர் உண்டு.

பிலிப் ஓவியன். இருபத்துமூன்று ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பிறகு விடியற்காலையில் காப்டோல் என்ற சிற்றூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறான். அவனுக்கு என்ன பிரச்சினை? நிறம் போய்விட்டது. காபிக்கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தால் எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. முகங்களும் துணிகளும் அசையும் அழுக்காகத் தெரிகின்றன. ஓவியனுக்கு இதைவிடப் பெரிய வியாதி உண்டா?

வீட்டுக்கு நடந்து வருகிறான். அம்மா ரெகினா அந்த ஊரில் புகையிலைக் கடை வைத்திருந்தவள். அப்பா யார் என்பது அவனுக்குத் தெரியாது, ஊர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் சிரித்துக்கொள்ளும். பள்ளிப் பருவத்தில் ஒருநாள் அம்மாவின் பணத்தைத் திருடி வேசியர் தெருவில் செலவழித்துவிட்டு, விடியற்காலை வீடு திரும்பியபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. திறக்கவில்லை. அன்றிலிருந்து அவன் தெருவில்தான் இருக்கிறான். இருபத்துமூன்று வருஷம் கழித்து அதே கதவின் முன்னால் வந்து நிற்கும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒரு மனிதன் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிறான், அவ்வளவுதான் நிகழ்ச்சி.

பிற்பகுதியில் போபோச்கா என்ற பெண்ணும் அவளைச் சுற்றிய சீரழிந்த கூட்டமும் வரும்போது நாவல் வேகமெடுக்கும். முடிவு ரத்தமயம். அதைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.

இந்த நாவலை ஒரு நாளைக்கு இருபது பக்கத்துக்கு மேல் படிக்காமல் இருப்பது நல்லது. கிர்லெஜாவின் வாக்கியம் நீளமானது. அரைப் பக்கத்துக்கு ஓடும், வாசனைகளையும் சத்தங்களையும் அடுக்கும், நடுவில் பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் எல்லாம் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இலக்கணமாகப் பிரித்துப் புரிந்துகொள்ளப் பார்த்தால் மூச்சு முட்டும். நான் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வாய்விட்டு வாசிக்கும்போது வாக்கியத்தின் ஓட்டம் தானாகப் பிடிபட்டுவிடுகிறது, பொருள் பின்னாலேயே வந்து சேர்கிறது.

நாடகம் ஒன்று போதும்

'கிளெம்பாய் கனவான்கள்' (1928). சாக்ரெப் வங்கிக் குடும்பம் ஒன்றின் நிறுவன ஆண்டுவிழா இரவு, 1913-ஆம் ஆண்டு, உலகப்போர் வாசலில் நிற்கிறது. மகன் லியோனே வருகிறான், ஓவியன்தான் இவனும். கிளெம்பாய்கள் கொலைகாரர்களும் ஏமாற்றுக்காரர்களும் என்று ஒரு கிழவி என்றோ சொல்லிவைத்த பேச்சு அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிற்றன்னை சார்லொட்டே காஸ்டெல்லி நான்கு குதிரை வண்டியில் வரும்போது ஒரு ஏழைக் கிழவியை ஏற்றிக் கொன்றவள், வழக்கு ஒன்றும் ஆகவில்லை. விடிவதற்குள் வீட்டில் பிணங்கள் விழுகின்றன.

பின்னாளில் மேடையில் இந்த சார்லொட்டேயாக நடித்தவர் கிர்லெஜாவின் மனைவி பெலா. புத்தகம் கிடைக்காதவர்கள் அந்துன் வர்தோல்யாக் இயக்கிய 1988 படத்தைத் தேடலாம். குரோஷியாவில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லும் நாடகம் இது.

கவிதைக்கு இப்போதுதான் நேரம்

கவிஞரைக் கவிதையில் தொடங்காமல் இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. 1917-ல் வந்த 'பான்' முதலிய ஆரம்பக் கவிதைகளில் வெயில், பழைய தெய்வங்கள், கொண்டாட்டம் எல்லாம் கரைபுரளும். இளைஞரின் எழுத்து, மொழிபெயர்ப்பில் பாதி நுரைதான் மிஞ்சும். அவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

நின்று பார்க்க வேண்டியது 1936-ல் லுப்லியானாவில் அச்சான 'பெட்ரிட்சா கெரெம்புஹின் கதைப்பாடல்கள்'. இங்கே மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குரோஷிய மொழிக்கு மூன்று பெரிய கிளைவழக்குகள். 'என்ன' என்று கேட்க ஒரு கிளையில் 'ஷ்டோ', இன்னொன்றில் 'சா', மூன்றாவதில் 'காய்'. அந்தச் சொல்லை வைத்தே ஷ்டோகாவியன், சாகாவியன், காய்காவியன் என்று பெயர். பாடநூல், பத்திரிகை, அரசு எல்லாம் ஷ்டோகாவியனில். சாக்ரெப்பைச் சுற்றிய கிராமங்களின் பேச்சு காய்காவியன். கிர்லெஜா தன் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த மொழியும் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொதுமொழி வந்தபோது எழுத்துலகின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட அந்த வழக்கை எடுத்து, அதில் பழைய லத்தீனையும் ஜெர்மனையும் ஹங்கேரியனையும் கலந்து, யாரும் எந்தத் தெருவிலும் அப்படியே பேசியிராத ஒரு மொழியை உண்டாக்கினார்.

பாடுபவன் பெட்ரிட்சா, நாட்டுப்புறக் கோமாளி, குறும்பன். கையில் தம்புரா, கண்முன்னால் தூக்குமரம். 1573-ல் மாத்தியா குபெட்ஸ் தலைமையில் நடந்த குடியானவர் கிளர்ச்சி, பசி, சாட்டை, சிலுவை, குடி எல்லாம் அவன் பாட்டில் வருகின்றன. குபெட்ஸைப் பிடித்துச் சாக்ரெப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கிரீடத்தைத் தலையில் வைத்துக் கொன்றார்கள் என்பது அந்த ஊர் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

'கெவென்ஹில்லர்' என்ற பாடலின் வரிகள் சில குரோஷியாவில் பழமொழியாகவே ஆகிவிட்டன. எப்படியோ ஒருவிதமாக இருக்காமல் எப்போதும் இருந்ததில்லை, அதனால் இப்போதும் எப்படியோ ஒருவிதமாக இருக்காமல் போகாது என்பது ஏறக்குறைய அதன் பொருள். கஷ்டம் வந்தால் ஆறுதலாக இதைச் சொல்லிக்கொள்கிறார்கள். பாடலை முழுதாகப் படித்தால் ஆறுதல் காணாமல் போய்விடும். குடியானவனின் முதுகு சாட்டைக்குத் தப்பிய காலமே இல்லை என்பதுதான் அங்கே 'எப்படியோ ஒருவிதம்'. மூலம் தெரியாவிட்டாலும் இணையத்தில் யாராவது நடிகர் இதைச் சொல்லும் ஒலிப்பதிவைத் தேடிக் கேளுங்கள். பொருள் புரியாமலே கேட்கலாம், எதுகை மோனைக்குப் பழகிய நம் காதுக்கு அந்த ஒலிகள் அந்நியமாகவே இராது.

அரசியலைப் படிக்கும்போது செய்யும் தவறு

'கம்யூனிஸ்ட் எழுத்தாளர்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு உள்ளே போவது வழக்கம். கிர்லெஜா கட்சிக்காரர்தான், ஆரம்பக் காலத்திலேயே சேர்ந்தவர். 1919-ல் நண்பர் ஆகுஸ்ட் செசரெட்ஸோடு நடத்திய 'பிளாமென்' இதழைத் தடை செய்தார்கள். 1920 டிசம்பர் 30-ல் மேடையேற இருந்த 'காலிசியா' நாடகத்தைத் திரை விலகுவதற்குச் சற்று முன் நிறுத்தினார்கள், கம்யூனிஸ்ட் இயக்கத்தை ஒடுக்கும் அரசாணை வந்த நேரம் அது. இவ்வளவும் எதிர்பார்க்கக்கூடியவை.

எதிர்பாராதது அடுத்தது. 1933-ல் ஓவியர் கிர்ஸ்டோ ஹெகெடுஷிச்சின் சித்திரத் தொகுப்புக்கு முன்னுரை எழுதும்போது, கலைக்குக் கட்டளையிட யாராலும் முடியாது, திறமை இல்லாத இடத்தில் கொள்கை உதவாது என்கிற தொனியில் எழுதினார். தோழர்கள் கொதித்தார்கள். சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டு, 1939-ல் 'பெச்சாட்' இதழில் 'இயங்கியல் ஆன்டிபார்பாருஸ்' என்ற அவருடைய முழுநீளப் பதிலடியோடு உச்சத்துக்குப் போனது. கட்சி அவரை ஒதுக்கியது. பழைய தோழர்களுக்கும் உஸ்தாஷாக்களுக்கும் நடுவில் 1941-ல் தனியாக நின்றார். மலையேறி டிட்டோவின் போராளிகளோடு சேரவில்லை. சாக்ரெப்பிலேயே, ஒரு பகுதிக் காலம் மருத்துவர் ஜூரோ விரானெஷிச்சின் மருத்துவமனைப் பாதுகாப்பில், எதையும் வெளியிடாமல் இருந்தார். ஏன் சேரவில்லை என்று போருக்குப் பின் கேட்காதவர்கள் இல்லை.

போருக்குப் பின் டிட்டோ அவரைச் சேர்த்துக்கொண்டார். 1952-ல் லுப்லியானா எழுத்தாளர் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, சோஷலிச யதார்த்தவாதக் கட்டளைகளுக்கு யுகோஸ்லாவியாவில் முடிவு கட்டியதாகவே பேசப்படுகிறது. அதாவது 1933-ல் உதை வாங்கித் தந்த கருத்துக்கு 1952-ல் கைதட்டல். 1967-ல் குரோஷிய மொழியின் பெயரும் நிலையும் பற்றிய பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டு மறுபடி நெருப்பில் கைவைத்தார். கட்சியின் மத்தியக் குழுவிலிருந்து விலக வேண்டி வந்தது.

அரசவைப் பண்டிதரா, கலகக்காரரா என்று அவர் ஊரில் இன்றும் சண்டை போடுகிறார்கள். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறார், மேசையைக் கவிழ்த்தும் இருக்கிறார். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் ஆண்டுகளை மட்டும் சரியாக ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். எந்தப் பக்கத்தை எந்த ஆண்டில் எழுதினார் என்பதுதான் பல இடங்களில் முழு விளக்கமும்.

பிறகு 'பிளிட்வா'

நான் தடுக்கி விழுந்த புத்தகம். இரண்டு பாகம் 1938, 1939-ல், மூன்றாவது 1962-ல். பால்டிக் கரையில் இருப்பதாகக் கற்பனை செய்த பிளிட்வா என்ற நாடு, கர்னல் பாருடான்ஸ்கி என்ற சர்வாதிகாரி, அவரை எதிர்க்கும் நீல்ஸ் நீல்சன் என்ற அறிவுஜீவி. பக்கத்து நாடு பிளாட்வியா. நான் முதலில் இதைக் கனமான அரசியல் நாவல் என்று நினைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி படித்தேன். குரோஷிய மொழியில் 'பிளிட்வா' என்றால் கீரை, அங்கே வேகவைத்து மீனோடு சாப்பிடும் சாதாரணக் கீரை. 'பிளாட்டோ' என்றால் சேறு. கீரை நாட்டுக்கும் சேற்று நாட்டுக்கும் நடக்கும் தேசபக்தி! இது தெரிந்தபிறகு மூன்றாவது முறை புத்தகம் தானாக ஓடியது. மன்னராட்சித் தணிக்கை காலத்தில் சொந்த ஊரைப் பற்றிப் பேச இப்படி ஒரு தேசத்தை எங்கோ வடக்கே நட வேண்டியிருந்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'கொடிகள்' இதற்கப்புறம்தான். 1912 முதல் 1922 வரை அப்பன், மகன் இரண்டு எமெரிச்கிகளின் கதை. ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு 2016-ல் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. ஒரு வருடத்தை ஒதுக்க முடியுமென்றால் எடுங்கள்.

சாக்ரெப் போக நேர்ந்தால்

ஐரோப்பாவில் வேலையிலோ படிப்பிலோ இருக்கும் நம்மவர்கள் இப்போது அந்தப் பக்கம் சுற்றுலா போகிறார்கள், கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு அரை நாள் சாக்ரெப்புக்கு ஒதுக்குங்கள். குவோஸ்த் 23 என்ற முகவரியில், மரங்கள் அடர்ந்த குன்றுச்சரிவில், அவரும் பெலாவும் 1952 முதல் வாழ்ந்த வீடு இருக்கிறது. நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாமல் நேரத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

1950-ல் அவர் தொடங்கிச் சாகும்வரை தலைமை வகித்த அகராதிக் கலைக்களஞ்சிய நிறுவனமும் அதே ஊரில்தான், இப்போது அவர் பெயரில் நடக்கிறது. அங்கே அவர் கையெழுத்து மட்டும் போடும் தலைவராக இருக்கவில்லை. அச்சுக்குப் போகும் கட்டுரைகளைப் படித்து ஓரங்களில் திட்டியும் திருத்தியும் கிண்டல் செய்தும் எழுதிய குறிப்புகள் பின்னால் தனியாக அச்சில் வந்தன. நாவலில் தொப்பிக்காரக் கனவான்களைப் பிடித்து உலுக்கிய அதே கை, எண்பது வயதில் யாரோ ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

பெலா 1981 ஏப்ரலில் இறந்தார், அவர் டிசம்பரில். இருவரும் மிரோகோய் கல்லறைத் தோட்டத்தில். ஊருக்கு நடுவிலிருந்து பேருந்து போகிறது, வாசலில் பூவும் மெழுகுவர்த்தியும் விற்பார்கள்.